எல்லைச் சுவரும் ஏய்ப்புப் பெயரும்

பழந்தமிழில் மதிலுக்குப் பெயர் பல. எயில் என்றனர், இஞ்சி என்றனர், புரிசை என்றனர், ஆரை என்றனர். பெயர் பலவாயினும் அவை சுட்டிய பொருளில் குழப்பம் இருந்ததில்லை. ஊரைச் சூழ்ந்து நிற்பது மதில்; படையெடுத்து வரும் பகைவனைத் தடுப்பது மதில். அதனை வளைத்தலை உழிஞை என்றும், உள்ளிருந்து காத்தலை நொச்சி என்றும் பூவின் பெயரால் புறப்பொருள் நூலார் வழங்கினர். மதுரை மதில்மேல் பொருத்தியிருந்த பொறிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றார். அவையனைத்தும் வெளியே வந்து நிற்கும் படையை நோக்கியவை. வள்ளுவர் அரணுக்குப் பத்துக் குறளை ஒதுக்கினார். உயரம், அகலம், திண்மை, கிட்டற்கருமை என்னும் நான்கையும் அதன் இலக்கணமாக வகுத்தார். வகுத்தவர், இறுதிக் குறளில், வினைத்திறம் வாய்ந்த மாந்தர் இல்லாவிடத்து எத்துணைச் சிறந்த அரணும் அரணாகாது என்றும் சொல்லிவைத்தார்.

இற்றை நாளில் நாட்டெல்லைகளில் எழுப்பப்படும் சுவர்கள் இவ்விலக்கணத்துள் அடங்குவன அல்ல. அவற்றின்முன் எந்தப் படையும் வந்து நிற்பதில்லை. வானூர்தியும் ஏவுகணையும் வந்துவிட்ட பின்னர், படையைச் சுவர் தடுக்கும் என்று எந்தப் படைத்தலைவனும் நம்பமாட்டான். பின் யாரைத் தடுக்க இச் சுவர்கள்? கூலிக்கு நடந்து வருபவனை. ஆற்றுக்கு அக்கரையில் பெண் கொடுத்தவனை. தன் வயலுக்குத் தானே போகும் உழவனை! இதனை எந்த அரசும் வெளிப்படச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு சுவருக்கும் ஓர் ஏய்ப்புப் பெயர் வேண்டியிருக்கின்றது. ஆயின், சுவரைக் கட்டும் பொறியாளன் பெயரைப் பார்த்துக் கட்டுவதில்லை. அது செய்ய வேண்டிய வேலையைப் பார்த்துக் கட்டுகின்றான். ஆகவே, பெயர் மறைத்ததைக் கட்டடம் காட்டிக் கொடுத்துவிடுகின்றது.

செருமானியரின் பெர்லின் நகரைப் பிளந்து நின்ற சுவரினும் இதற்குத் தெளிவான சான்று வேறில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஒரே மொழி பேசும் ஓர் இனம் இரு நாடுகளாக அறுக்கப்பட்டது. கிழக்குச் செருமனி தோன்றிய 1949-ஆம் ஆண்டு முதல் 1961 வரை 25 நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதனைவிட்டு மேற்கே சென்றுவிட்டனர். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர், கைத்தொழில் கற்ற இளைஞர் எனப் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தனர். 1961 சூன் 15-ஆம் நாள், கிழக்குச் செருமனியின் தலைவர் வால்ட்டர் உல்பிரிக்டு செய்தியாளர் கூட்டத்தில் பேசுகையில், சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை என்றார். அவரிடம் கேட்கப்பட்ட வினா எல்லையைப் பற்றியது. சுவர் என்னும் சொல்லை வினவியவர் வாயில் எடுக்கவே இல்லை! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, அச் சொல்லை முதலில் வெளியிட்டவர் அவரே. இரண்டு திங்கள் கழியுமுன், ஆகசுட்டு 13 விடியலில், நகரின் நடுவே முட்கம்பி இழுக்கப்பட்டது. கம்பி கல்லாகியது, கல் கற்காரையாகியது.

அதற்குக் கிழக்குச் செருமனி அரசு இட்ட பெயர், பாசியத்தை எதிர்க்கும் காப்பு மதில் என்பது. வெளியிலிருந்து வரும் தீயவரிடமிருந்து குடிகளைக் காப்பதற்காகவாம்! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பர். இப் புளுகு இருபத்தெட்டு ஆண்டு ஓடியது. ஆனால் அச் சுவரின் கட்டமைப்பைச் சற்றே நின்று பார்த்தவனுக்கு ஒரு நாளும் ஐயம் எழுந்திருக்க முடியாது.

சுவர் என்று ஒன்றைச் சொன்னாலும் அங்கிருந்தவை இரண்டு. கிழக்கிலிருந்து நடந்து வருபவன் முதலில் ஒரு பின்சுவரை எதிர்கொள்வான். அதனைத் தாண்டினால், தொட்டவுடன் மணியடிக்கும் கம்பிவேலி. அப்பால் காவற்கோபுரங்கள், இரவைப் பகலாக்கும் விளக்குத் தூண்கள், காவலர் ஊர்தி செல்லும் பாட்டை. அதற்கும் அப்பால், காலடி பதிந்தால் மறுநாளும் தெரியும்படி நாள்தோறும் வாரிக்கொண்டு வாரி ஒழுங்கு செய்த மணற்பரப்பு. இத்தனைக்கும் பின்னரே, மேற்குப் பெர்லின் மக்கள் கண்ணுக்குத் தெரிந்த அந்தச் சுவர். இடையில் ஊர்திகளைத் தடுக்க ஒரு பள்ளமும் வெட்டியிருந்தனர். அப் பள்ளத்தின் கிழக்குக் கரை சரிவு. மேற்குக் கரை செங்குத்து. மேற்கிலிருந்து ஓர் ஊர்தி வந்தால் அது அப்பள்ளத்தில் இறங்கிச் சரிவில் ஏறிப் போய்விடலாம். கிழக்கிலிருந்து வந்தாலோ செங்குத்துச் சுவரில் மூக்கை முட்டி நிற்க வேண்டும். வெளிப்பகையைத் தடுப்பதற்கு இப்படியா பள்ளம் வெட்டுவார்கள்? சுவர்களின் உட்பக்கம் வெண்மை பூசப்பட்டிருந்தது. எதற்காக? இருட்டில் ஓடுகின்றவனின் உருவம் அவ்வெண்மையின்மேல் கறுத்துத் தெரிவதற்காக. நூறு சொற்பொழிவுகள் மறைத்த உண்மையை ஒரு வாளி வெள்ளைப் பூச்சு வெளிப்படுத்திவிட்டது.

1970-களின் நடுவில் வந்த அதன் கடைசி வடிவமான 'எல்லைச் சுவர் 75' ஒன்றோடொன்று நெருக்கி நிறுத்தப்பட்ட கற்காரை வார்ப்புகளால் ஆனது. ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், ஏறத்தாழ 2,600 கிலோ எடை. உச்சியில் உருண்டையான குழாய். ஏற முயல்பவனின் விரலுக்குப் பிடி கிடைத்துவிடக் கூடாதல்லவா? மேற்குப் பெர்லினைச் சுற்றி 155 கி.மீ. நீண்டு கிடந்த இக் கட்டமைப்பினால் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர்.

பெர்னவுவர் தெருவில், 1894-இல் திறக்கப்பட்ட ஒரு கிறித்துவக் கோயில் இருந்தது. ஒப்புரவுக் கோயில் என்பது அதன் பெயரின் பொருள். சுவர் எழுந்தபோது அக்கோயில் இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட சாவுவெளியில் அகப்பட்டுக்கொண்டது. வழிபடுவோர் வர இயலவில்லை. காவலர் கண்ணுக்கு மறைப்பாக நின்றது என்னும் கரணியத்தால் 1985 சனவரியில் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். சுவர் வீழ்ந்து பதினோராண்டு கழித்து, 2000-ஆம் ஆண்டில், அதே இடத்தில் ஒரு சிறு வழிபாட்டிடம் எழுந்தது. அதன் சுவரைக் கற்காரையால் கட்டவில்லை. மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கிய மண்சுவர் அது. தகர்க்கப்பட்ட கோயிலின் செங்கல் நொறுங்கல்களும் அம் மண்ணோடு கலந்துள்ளன. நாட்டுப்புறத்து மண்வீடுகளை ஏழ்மையின் அடையாளமென்று எள்ளுவோர் ஒருமுறை அதனைப் பார்த்துவர வேண்டும்.

1989 நவம்பர் 9-ஆம் நாள் இரவு பெர்லின் சுவர் திறந்தபோது, எல்லைச் சுவர்களின் காலமே முடிந்தது எனப் பலர் மகிழ்ந்தனர். நடந்தது நேர்மாறு. அன்று பதினைந்து என்ற அளவில் இருந்த எல்லைச் சுவர்களும் வேலிகளும் இன்று எழுபதைத் தாண்டிவிட்டன. அவற்றைக் கட்டியோர் பலர், பெர்லின் சுவரைப் பழித்து முழங்கியவர்களே.

பாலத்தீனத்தின் மேற்குக் கரையில் இசுரேல் 2002-இல் தொடங்கிய கட்டுமானத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் அதனைக் காப்பு வேலி என்கின்றனர். ஊர்ப்புறங்களில் அது வேலியும் அகழியும் காவற்பாட்டையும்தான். நகரங்களை ஒட்டியோ எட்டு மீட்டர் உயரக் கற்காரைச் சுவர். வழக்குப் பன்னாட்டு முறைமன்றத்திற்குச் சென்றபோது இதனை எப் பெயரால் அழைப்பது என்பதே ஒரு சிக்கலாயிற்று. 2004 சூலை 9-இல் வழங்கிய கருத்துரையில், சுவர் என்னும் சொல்லையே ஆள்வதென மன்றம் முடிவு செய்தது. அதன் கட்டுமானம் பன்னாட்டுச் சட்டத்திற்கு முரணானது என்றும் உரைத்தது. பெயரைக் காட்டிலும் பேசுவது அதன் தடம். ஏறத்தாழ 710 கி.மீ. எனத் திட்டமிடப்பட்ட அதன் வழியில் 85 விழுக்காடு, 1949-இன் போர்நிறுத்தக் கோட்டின்மேல் செல்லாமல், மேற்குக் கரைக்குள்ளேயே வளைந்து வளைந்து செல்கின்றது. தன் வீட்டைக் காக்க வேலியிடுபவன் அடுத்தவன் கொல்லைக்குள் கால் நடுவானா?

தன் வயலுக்குள்ளேயே வேலி நட்ட கதை இந்தியாவின் கிழக்கெல்லையில் உண்டு. வங்காள மொழி பேசும் நிலத்தை 1947-இல் இரண்டாகக் கிழித்தவர் ஆங்கிலேய வழக்கறிஞர் சிரில் இராட்கிளிப்பு. அதற்குமுன் அவர் இந்நாட்டுக்கு வந்ததே இல்லை. ஐந்து கிழமைகளில் கோட்டைப் போட்டு முடித்தார். விடுதலை நாள் கழிந்து இரண்டு நாளுக்குப் பின், ஆகசுட்டு 17-இல் அக்கோடு வெளியிடப்பட்டது. தாம் எந்த நாட்டில் இருக்கின்றோம் என்று அறியாமலே பல ஊர்கள் விடுதலைக் கொடியை ஏற்றின. அக்கோட்டின் கிழக்கே இருந்தவர்கள்தாம் 1952 பிப்பிரவரி 21-இல் தாய்மொழிக்காகத் தாக்காவில் குருதி சிந்தினர். 1971-இல் தனிநாடும் கண்டனர். அவர்கள் பேசும் மொழிதான் கோட்டின் மேற்கேயும்.

இந்தியாவும் வங்காளநாடும் 1975-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, எல்லைக் கோட்டிலிருந்து 150 கசத்துக்குள் எந்தக் காப்புக் கட்டுமானமும் எழுப்பலாகாது. ஆகையால் 1980-களில் தொடங்கி இந்தியா இட்டு வரும் வேலி, பெரும்பாலும் கோட்டுக்கு 150 கசம் உள்ளே தள்ளி நிற்கின்றது. 4,096 கி.மீ. எல்லையில் 3,000 கி.மீ.க்கு மேல் இன்று வேலி. வேலிக்கும் கோட்டுக்கும் நடுவில் கிடப்பது என்ன? ஆளில்லாத் தரிசா? மேற்கு வங்காளத்திலும் திரிபுராவிலும் அசாமிலும் அது விளைநிலம். சிலவிடங்களில் வீடும் குளமும் கூட. தன் நாட்டு மண்ணிலேயே இருந்துகொண்டு தன் நாட்டு வேலிக்கு வெளியே வாழ்கின்றான் அங்குள்ளவன். காவற்படை குறித்த வேளையில் வேலிக்கதவைத் திறக்கும். உழவன் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏரோடு போக வேண்டும். கதவு மூடுமுன் திரும்ப வேண்டும். பிள்ளைப்பேறும் நோயும் கதவு திறக்கும் நேரம் பார்த்தா வரும்? வேலியே பயிரை மேய்ந்தது என்னும் பழமொழியை இங்கே உவமையாகச் சொல்லத் தேவையில்லை, கண்ணால் காட்டலாம்.

இங்கும் சிக்கல் ஒரு சொல்லில் வந்து நிற்கின்றது. முள்வேலி காப்புக் கட்டுமானம் ஆகுமா, ஆகாதா? ஆகாது என்பது தில்லியின் வாதம்; அங்ஙனமாயின் 150 கசத்துக்குள்ளும் இடலாம். ஆகும் என்பது தாக்காவின் வாதம். 2025 சனவரியில் இதுபற்றிப் பூசல் முற்றி, இரு நாடுகளும் மற்றதன் தூதரை அழைத்து முறையிட்டன. அவ்வேலியின் இருபுறத்திலும் உள்ள மக்களுக்கு வேலியைக் குறிக்கும் சொல் ஒன்றே என்பதை அத் தூதர்கள் எண்ணிப் பார்த்தனரோ என்னவோ! பெத்ராபோல்-பேனாபோல் எல்லைவாயிலில், பிப்பிரவரி 21-ஆம் நாள் இருபுறத்து வங்காளிகளும் கோட்டின்மேல் கூடி மொழிப்போரில் மாண்டோருக்கு மலர்தூவிய ஆண்டுகள் பல உண்டு.

மொழியினம் ஒன்று கோட்டால் அறுபட்ட கதையில் இதனினும் துயரமானது, உலகின் மறுகோடியில், அமெரிக்க ஒன்றிய நாடுகளுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையே நிற்கும் சுவரில் அடங்கியுள்ளது.

அவ்வெல்லை 3,100 கி.மீ.க்கும் மேல் நீண்டது. அதில் சான் தியேகோ நகரையொட்டி 1990-களின் தொடக்கத்தில் எழுந்த வேலி, வியத்நாம் போரில் உலங்கூர்திகள் இறங்குவதற்கு நிலத்தில் விரித்த இரும்புத் தகடுகளால் ஆனது. ஒரு போரில் மிஞ்சிய இரும்பு, கூலி தேடி வருபவன்மேல் இன்னொரு போருக்கு நிமிர்த்தப்பட்டது. அத் தகட்டுக்குப் பின்னால் நிற்பவரைக் காவலரால் பார்க்க முடியவில்லை. ஆதலின் பின்வந்த சுவர்கள் இடைவெளிவிட்டு நட்ட எஃகுத் தூண்களாயின. 2017-இல் குடியரசுத் தலைவர் தொனால்டு திரம்பு வெள்ளோட்டமாக எட்டுச் சுவர்த்துண்டுகளைக் கட்டச் செய்தார்; நான்கு கற்காரையில், நான்கு வேறு பொருள்களில். அவற்றுள் எதுவும் அப்படியே தேறவில்லை. 2019 பிப்பிரவரியில் எட்டும் இடித்துத் தள்ளப்பட்டன. நின்றது பழைய எஃகுத் தூண்தான். அதனைக் கலைநயத்தோடு வடிவமைத்த எஃகுப் பட்டைகள் என்று அவர் புகழ்ந்தார். கலைநயம்! 15 செ.மீ. சதுரத் தூண், 10 செ.மீ. இடைவெளி, 9 மீட்டர் உயரம், உச்சியில் ஏறுவோர் கைவழுக்கும் தட்டைத் தகடு. ஒரு கை நுழையும். ஒரு குழந்தை நுழையாது. இதுதான் அதன் அளவுகோல். 2021 சனவரி வரையில் ஏறத்தாழ 730 கி.மீ. இவ்வாறு எழுந்தது, பெரும்பகுதி பழைய தடுப்பை நீக்கிய இடத்தில். ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் அச்சுவருக்கு வெள்ளக்கதவுகள் உண்டு. மழைக்காலத்தில் அவற்றைத் திறந்து வைக்காவிட்டால் வெள்ளம் சுவரையே புரட்டிவிடும். ஆளைத் தடுக்கக் கட்டியவர்களால் நீரைத் தடுக்க இயலவில்லை.

ஆளையாவது தடுத்ததா? நகர்ப்புறத்தில் 1994 முதல் வேலியும் காவலும் இறுகவே, வருபவர்கள் பாலைநிலத்துக்குத் திரும்பினர். நீரின்றியும் வெயிலிலும் குளிரிலும் 1998 முதல் 2020 வரை இறந்தவர்கள், அமெரிக்க எல்லைக்காவல் துறையின் கணக்கிலேயே 7,000 பேருக்கு மேல். பெர்லினில் 140 பேர் மாண்டதற்கு உலகமே அழுதது; அழுததும் முறையே. இந்த ஏழாயிரவருக்கு எத்தனை பேர் அழுதனர்?

அப் பாலையின் பழங்குடியினர் தொகோனோ ஓதாம் மக்கள். பாலை மக்கள் என்பது அப்பெயரின் பொருள். அயலார் அவர்களைப் பாப்பகோ என்று அழைத்தனர். பயறு தின்போர் என்னும் கருத்தில் வந்த பெயர் அது. அவ்விளிபெயரை நீக்கித் தங்கள் மொழியில் தங்களுக்குரிய பெயரை 1986-இல் தங்கள் அரசமைப்பிலேயே அவர்கள் நிலைநாட்டினர். தம் பெயரைத் தம் மொழியில் சொல்லிக்கொள்வதற்கே ஓர் இனம் எத்துணைக் காலம் காத்திருக்க வேண்டியுள்ளது!

1854-இல் அமெரிக்கா, மெக்சிக்கோவிடமிருந்து அந்நிலப்பகுதியை 1 கோடி தாலருக்கு விலைபேசி முடித்தது. விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், வாழ்ந்தவனை எவரும் கேட்கவில்லை. அன்று போட்ட கோடு ஓதாம் நிலத்தின் ஊடே சென்றது. இன்று 30,000-க்கும் மேற்பட்ட அவ்வினத்தாரில் ஏறத்தாழ 2,000 பேர் மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்தில் உள்ளனர்; மற்றவர்களுக்குரிய ஒதுக்குநிலம் அமெரிக்காவின் அரிசோனாவில், எல்லையோடு ஏறத்தாழ 100 கி.மீ. ஒட்டிக் கிடக்கின்றது. சுவர் தம் நிலத்துள் வரலாகாது என அவர்கள் உறுதியாக எதிர்த்தனர். 2017-இல் அவர்கள் ஒரு படக்காட்சியை வெளியிட்டனர். ஓதாம் மொழியில் சுவருக்குச் சொல் இல்லை என்பதே அதன் தலைப்பு.

மொழியறிந்தோர் இதனைச் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரு மொழியில் ஒரு சொல் இல்லாமை அம்மொழியின் குறை என்று கருதுவோர் உண்டு. பாலையில் மழை பெய்த பக்கம் பெயர்ந்து, விளைந்த பக்கம் வாழ்ந்து, உப்பெடுக்கக் கடல்வரை நடந்த மக்களுக்கு, நிலத்தை அடைக்கும் பொருளும் இல்லை. அதற்குரிய சொல்லும் இல்லை. அச்சொல்லை இன்று அவர்கள் வாயில் திணிப்பது எஃகு.

சட்டமாவது அவர்களுக்குத் துணை நின்றதா? எல்லைத் தடுப்புக்கு இடையூறான எந்தச் சட்டத்தையும் விலக்கிவைக்கலாம் என்று 2005-இல் அமெரிக்கப் பேரவை ஒரு சட்டத்தின்வழி உள்நாட்டுக் காப்பு அமைச்சருக்கு ஆற்றல் வழங்கியது. சட்டத்தை விலக்கச் சட்டம்! பழங்குடியினரின் இடுகாடுகளைக் காக்கும் சட்டமும் அவ்வாறு விலக்கப்பட்டவற்றுள் ஒன்று. 2020 பிப்பிரவரியில், ஒதுக்குநிலத்துக்கு மேற்கே உள்ள ஒரு குன்றில் சுவருக்காக வெடிவைத்தனர். பழம்போரில் இறந்துபட்டோரை அடக்கிய இடமென ஓதாம் மக்கள் போற்றி வந்த குன்று அது.

இச் சுவரைக் கட்டடக்கலையாலேயே நகையாடியவர்களும் உளர். 2019 சூலையில், உரோனால்டு இரேல், வர்சீனியா சான் பிராத்தெல்லோ என்னும் கட்டடக்கலைப் பேராசிரியர் இருவர், எஃகுத் தூண்களின் இடைவெளியில் இளஞ்சிவப்பு ஏற்றப்பலகை மூன்றை நுழைத்தனர். சுவரே நடுத்தாங்கியாயிற்று, இப்புறத்துக் குழந்தை தாழ்ந்தால் அப்புறத்துக் குழந்தை உயர்ந்தது. ஒரு மணிநேரமும் நீடிக்காத விளையாட்டு. அதனைப் பாராட்டி இலண்டனில் பரிசும் கொடுத்தனர். பரிசு பெற்ற பின்னும் சுவர் அங்கேயே நின்றது.

2025 சூலை 4-இல் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம், எல்லைச் சுவருக்கென 4,650 கோடி தாலர் ஒதுக்கியுள்ளது. 1854-இல் நிலம் முழுவதற்கும் பேசி முடித்த விலை 1 கோடி. ஓதாம் மக்களோ ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர்த் தொடக்கத்தில் சொனோராவின் மக்தலேனா நகரில் உள்ள தூயவர் பிரான்சிசு கோயிலுக்குச் செல்கின்றனர். முதியோர் சிலர் இன்றும் நடந்தே போகின்றனர். எல்லைக் கதவில் நின்று, அட்டையைக் காட்டிவிட்டுப் போகின்றனர்.